எது நோன்பை முறிக்கும்?

ரமலான் பிறை தெரிந்ததும் எங்கள் தெருவில் இரும்புச்சத்து மாத்திரை அட்டைகள் அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடும். யாரும் போடக்கூடாது என்று சொன்னதில்லை. பகலில் போட முடியாது. இரவில் ஞாபகம் இருக்காது. ஸஹருக்கு எழுந்து எல்லோருக்கும் சமைத்துப் போட்டுவிட்டுத் தன் தட்டில் உட்காரும்போது பாங்கு சொல்லிவிடுவார்கள். ஒரு மாதம் கழித்து அட்டையைத் தேடி எடுத்தால் மாத்திரை ஒட்டிக்கொண்டு கருத்துப்போயிருக்கும்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டிய தோல் ஊர்களில் வேலைக்குப் போகும் பெண்களிடம் இதைப் பற்றிப் பேசிப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் ஷூ கம்பெனிகளில் அப்பர் தைப்பவர்கள், பசை தடவுபவர்கள், நூல் வெட்டுபவர்கள். எல்லோரும் முஸ்லிம்கள் அல்ல. ஆடி மாதத்து வெள்ளிக்கிழமைக்காரர்கள், சஷ்டிக்காரர்கள், தவக்காலத்தில் ஒருவேளை சாப்பாட்டை விடுபவர்கள் எல்லோரும் ஒரே லைனில் உட்கார்ந்துதான் தைக்கிறார்கள். கேள்வி மட்டும் ஒன்றுதான்: "மாத்திரை போட்டா விரதம் கெட்டுப்போயிடுமாக்கா?" எங்கள் வீட்டுப் பக்கம், "ஊசி போட்டா நோன்பு முறிஞ்சிடுமா ஆப்பா?" மார்க்கம் இதற்குப் பதில் வைத்திருக்கிறது. நோயாளிக்கும் கர்ப்பிணிக்கும் பாலூட்டுபவளுக்கும் நோன்பை விட்டுவிட அனுமதி உண்டு. மருந்தாகப் போடும் ஊசி நோன்பை முறிக்காது, உணவுக்குப் பதிலாக ஏற்றும் குளுக்கோஸ் முறித்துவிடும் என்பது பெரும்பாலான ஆலிம்களின் கருத்து. விழுங்கும் மாத்திரை முறிக்கும்; அதை இரவுக்கு மாற்றிக்கொள்ளலாம். இவ்வளவு தெளிவாகப் பதில் இருந்தும் கேள்வி ஏன் ஓயவில்லை என்பதுதான் என்னை இந்த வரலாற்றுக்குள் இழுத்தது.

அந்தச் சிறிய மாத்திரைக்கே ஒரு வரலாறு இருக்கிறது. அதில் பாதி நம் பக்கத்தில் நடந்தது.

1928-இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். பஞ்சாலையில் வேலை செய்த பெண்கள் கர்ப்பகாலத்தில் கடுமையான ரத்தச்சோகையால் செத்துக்கொண்டிருந்தார்கள். கிருமியைத் தேடினார், கிடைக்கவில்லை. அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்க்க ஆரம்பித்தார். குன்னூர் ஆய்வகத்திலும் சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் அந்த ஆய்வைத் தொடர்ந்தார். இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று இருப்பதுதான் அன்றைய கோஷா ஆஸ்பத்திரி. திரைக்குள் வாழ்ந்த பெண்கள் ஆண் மருத்துவரிடம் போக மாட்டார்கள் என்பதற்காகக் கட்டப்பட்டது. கடைசியில் மருந்தாக அமைந்தது மார்மைட். ரொட்டியில் தடவித் தின்னும் ஈஸ்ட் சாறு, மலிவான சாமான். 1931-இல் அவர் அதை எழுதி வெளியிட்டார். அதில் இருந்த பொருளுக்கு முதலில் 'வில்ஸ் காரணி' என்று பெயர். பின்னால் ஃபோலிக் அமிலம் ஆயிற்று. இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாங்கிவரும் மாத்திரையில் இரும்போடு சேர்ந்திருப்பது அதுதான். கூலிக்கு நெய்த பெண்களின் வெளுத்த ரத்தத்தில் இருந்து கண்டுபிடிக்கப்பட்ட ஒன்று, கூலிக்குத் தைக்கும் பெண்களின் அலமாரியில் கிடக்கிறது.

அடுத்த பாதி வேலூரில். ஐடா ஸ்கடர் 1918-இல் பெண்களுக்கென்றே தொடங்கிய மருத்துவப் பள்ளி பிறகு சி.எம்.சி. ஆனது. அங்கே செல்வின் பேக்கர் குழுவினர் வடஆர்க்காட்டுக் கிராமங்களில் ரத்தச்சோகையைத் துருவிப் பார்த்தார்கள். 1962-இல் ஜாதவ், வெப், வைஷ்ணவா, பேக்கர் ஆகிய நால்வரும் 'லான்செட்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். தாய்ப்பால் மட்டுமே குடித்து வளர்ந்த சில குழந்தைகள் சிரிப்பதை நிறுத்தி, கற்ற அசைவுகளை மறந்து, தோல் கருத்துக் கிடந்தன. காரணம் பி12 குறைவு. தாய்மார்களின் உடம்பிலேயே அது இல்லை. பல ஆண்டுகளாகத் தனக்கு இல்லாததைத்தான் அவள் பாலாகக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எழுபதுகளில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவில், கர்ப்பிணிகளுக்கு எவ்வளவு இரும்பு கொடுத்தால் ரத்தம் ஏறும் என்ற ஆய்வு நடந்ததும் டெல்லியிலும் வேலூரிலும்தான்.

1970-இல் மத்திய அரசு ரத்தச்சோகைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கி மாத்திரை கொடுக்க ஆரம்பித்தது. ஐம்பது வருடம் ஆயிற்று. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தச்சோகை. பாதிப் பெண்களுக்கு மேல் ரத்தச்சோகையோடுதான் எந்த விரதத்துக்குள்ளும் நுழைகிறார்கள்.

இங்கே தோலைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். குரோமியம் வருவதற்கு முன்பு எங்கள் ஊர்த் தோல் ஷாப்புகளில் ஆவாரம்பட்டையில்தான் தோலைப் பதனிட்டார்கள். பட்டையில் இருக்கும் துவர்ப்பு, அதாவது டானின், தோலின் புரதத்தைப் பிடித்து இறுக்கி அழுகாமல் செய்யும். அதே வகைத் துவர்ப்பு தேநீரிலும் இருக்கிறது. அது வயிற்றில் இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்புக்குள் விடாது. நோன்பு திறந்ததும் பேரீச்சம்பழம், கஞ்சி, வடை, உடனே ஒரு டம்ளர் டீ, டீயோடு மாத்திரை. என் அம்மா அப்படித்தான் போட்டாள். எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள். ஷிப்ட் முடிந்து வந்த உடம்பு முதலில் கேட்பது அந்த டீயைத்தான். எலுமிச்சைச் சாறோடு போடு, டீக்கு இரண்டு மணி நேரம் இடைவெளி விடு, தினமும் வயிற்றைப் புரட்டினால் ஒன்றுவிட்டு ஒரு நாள் போட்டாலும் உடம்பு ஏற்கும், டாக்டரைக் கேட்டுச் செய் என்று சொல்ல ஒரு நர்ஸுக்கு இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடம் கிடைப்பதில்லை.

இனி அரசியல் பக்கம் வருகிறேன். அங்கேயும் இதே கேள்விதான்: எது உள்ளே போனால் விரதம் முறியும், அதை யார் தீர்மானிப்பது?

1943 பிப்ரவரியில் ஆகாகான் மாளிகைச் சிறையில் காந்தி 21 நாள் உண்ணாவிரதம் இருந்தார். தண்ணீர் குடிக்க முடியாமல் குமட்டும் என்பதால் அதில் சாத்துக்குடிச் சாறு கலந்துகொள்வேன் என்று விதியை அவரே வகுத்துக்கொண்டார். நிலைமை மோசமானபோது அந்தச் சாறுதான் கைகொடுத்தது. அதனால் விரதம் முறிந்தது என்று அவரைப் பின்பற்றிய யாரும் சொல்லவில்லை. விதியை அவர் எழுதினார், நாடு ஏற்றுக்கொண்டது. 1956-இல் விருதுநகரில் உண்ணாவிரதம் தொடங்கிய சங்கரலிங்கனார் 76 நாள் கிடந்து உயிர்விட்டதையும், அதற்கு முன் 1952-இல் சென்னையில் பொட்டி ஸ்ரீராமுலு 58 நாளில் இறந்ததையும் நாம் நாட்களால்தான் நினைவில் வைத்திருக்கிறோம். எண்ணிக்கைதான் ஆண்களின் உண்ணாவிரதத்துக்கு நாம் கொடுக்கும் மாலை.

பெண்களின் உண்ணாவிரதத்தில் வேறொன்று சேர்ந்துகொள்கிறது: குழாய்.

1909 ஜூலையில் லண்டன் ஹாலோவே சிறையில் மரியன் வாலஸ் டன்லப் 91 மணி நேரம் சாப்பிடாமல் இருந்தார். வாக்குரிமை கேட்ட பெண்களில் சிறையில் பட்டினிப் போராட்டம் நடத்திய முதல் ஆள். பயந்துபோய் விடுதலை செய்தார்கள். செப்டம்பரிலேயே அரசு வழி கண்டுபிடித்துவிட்டது. கையையும் காலையும் பிடித்துக்கொண்டு மூக்கிலோ வாயிலோ குழாயைத் திணித்துப் பாலும் முட்டையும் ஊற்றுவது. கான்ஸ்டன்ஸ் லிட்டன் ஒரு பிரபுவின் மகள். அவர் நியூகாஸில் சிறையில் உண்ணாவிரதம் இருந்தபோது இதயம் பலவீனம் என்று சொல்லி மரியாதையாக அனுப்பிவிட்டார்கள். அவருக்குச் சந்தேகம் வந்தது. 1910 ஜனவரியில் ஜேன் வார்ட்டன் என்ற பெயரில், மலிவான கோட்டும் கண்ணாடியும் போட்டு, தையல்காரி என்று சொல்லிக்கொண்டு லிவர்பூலில் கைதானார். இந்தத் தடவை யாரும் நெஞ்சில் குழல் வைத்துப் பார்க்கவில்லை. எட்டு முறை குழாய் போட்டார்கள். அதே உடம்பு, அதே இதயம். ஆம்பூரில் தைக்கிற பெண்கள் சிலரிடம் இந்தக் கதையைச் சொன்னபோது அதிர்ச்சி யாருக்கும் வரவில்லை. "தையல்காரின்னு சொன்னா அப்புறம் என்னா பண்ணுவாங்க?" என்றாள் ஒருத்தி. பிறகு பக்கவாதம் வந்து வலக்கை விழுந்த லிட்டன் இடக்கையால் தன் சிறை அனுபவத்தை எழுதினார்.

மட்டக்களப்பு மாமாங்கப் பிள்ளையார் கோயிலடியில் 1988 மார்ச் 19 அன்று பூபதி அம்மா உட்கார்ந்தபோது குழாயைப் பற்றித் தெரிந்துதான் உட்கார்ந்தார். அவருக்கு முன் அன்னையர் முன்னணியில் இருந்து உண்ணாவிரதம் தொடங்கிய அன்னம்மா டேவிட்டை அங்கிருந்து தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பத்துப் பிள்ளைகளின் தாயான பூபதி அம்மா, தனக்கு நினைவு தப்பினாலும் கணவரோ பிள்ளைகளோ தன்னை ஆஸ்பத்திரியில் சேர்க்கக்கூடாது என்று எழுதிக்கொடுத்துவிட்டுத்தான் தொடங்கினார். தண்ணீர் மட்டும். ஏப்ரல் 19 அன்று இறந்தார். கேட்டது போர்நிறுத்தமும் பேச்சுவார்த்தையும். அதன் பின் இயக்கம் அவரைக் கொடியாக்கிக்கொண்டது. அது வேறு கதை. எனக்கு முக்கியமாகப் படுவது அந்தக் கடிதம். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்கு ஊட்டிய பெண், தன் வாய்க்குள் எது போகலாம் என்பதைக் காகிதத்தில் எழுதி வைக்கவேண்டியிருந்தது.

இரோம் சர்மிளாவுக்கு அந்தக் கடிதமும் உதவியிருக்காது. 2000 நவம்பரில் மணிப்பூரின் மாலோமில் பத்துப் பேர் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து, ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டத்தை நீக்கக் கோரித் தொடங்கினார். தற்கொலை முயற்சி என்று 309-ஆம் பிரிவில் வழக்கு. அதற்கு அதிகபட்சத் தண்டனை ஒரு வருடம். வருடம் முடிந்ததும் விடுவிப்பார்கள், மறுபடி பிடிப்பார்கள். இம்பால் மருத்துவமனையில் மூக்குக் குழாய் வழியாகத் திரவ உணவும் வைட்டமின்களும். இப்படி ஏறத்தாழ பதினாறு வருடம். ஊட்டச்சத்து என்பது அன்பாகவும் இருக்கலாம், விலங்காகவும் இருக்கலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். 2016 ஆகஸ்ட் 9 அன்று உள்ளங்கையில் தேன் ஊற்றி நக்கி அவரே முடித்துக்கொண்டபோது, அதுவரை கும்பிட்ட ஊர் முகம் திருப்பியது. அன்று இரவு தங்க இடம் கிடைக்காமல் மருத்துவமனைக்கே திரும்பவேண்டியிருந்தது. தேர்தலில் நின்றார், 90 ஓட்டு. பிறகு நம் கொடைக்கானலுக்கு வந்து திருமணம் செய்துகொண்டார். குழாயால் பதினாறு வருடம் முறியாத விரதம், அவளாகவே தேனைத் தொட்டதும் 'துரோகம்' ஆகிவிட்டது. முறித்தது தேனா, அவளுடைய விருப்பமா?

வேலூர் பெண்கள் தனிச்சிறையிலும் உண்ணாவிரதங்கள் நடந்திருக்கின்றன. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் விடுவிக்கும் வரை நளினி முப்பது வருடத்துக்கு மேல் சிறைவாசி. அந்தக் காலத்தில் அவர் பலமுறை சாப்பாட்டை மறுத்திருக்கிறார். எங்கள் ஊரில் இருந்து ஐம்பது கிலோமீட்டர்தான். செய்தி நாலு வரியில் வந்து போகும்.

உடம்பு இந்த வாதங்களைக் கேட்பதில்லை. அதற்கு வேறு கணக்கு. சாப்பாடு முழுவதும் நின்றால் வைட்டமின் பி1, அதாவது தயமின், இரண்டு மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும். உடம்பின் கையிருப்பே சுமார் 30 மில்லிகிராம்தான். தீர்ந்த பிறகு கண் ஒருபக்கம் இழுக்கும், நடை தள்ளாடும், நினைவு குழம்பும். துருக்கியில் 1996-இல் சர்க்கரைத் தண்ணீரும் உப்புத் தண்ணீரும் மட்டும் குடித்துப் போராடிய கைதிகளில் 12 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்கள் பலருக்கு நினைவு அங்கேயே நின்றுவிட்டது. அதனால் 2000-க்குப் பிந்தைய போராட்டங்களில் பி1 சேர்த்துக்கொண்டார்கள். நாட்கள் நீண்டன, சிலருக்கு இருநூறைத் தாண்டியது. பாடகி ஹெலின் போலெக் 2020 ஏப்ரலில் 288-ஆம் நாளில் இறந்தார். வழக்கறிஞர் எப்ரு திம்திக் அதே ஆகஸ்டில் 238-ஆம் நாளில். மாத்திரை சாவைத் தடுக்கவில்லை. சாகும்வரை தான் யார் என்று தெரிந்திருக்க அது உதவியிருக்கும். அதை ஏமாற்று என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

பி1-இன் கதையில் நமக்கு ஒரு பங்கு இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் சுரங்கத்தில் வேலை செய்த சீனர்கள் பெரிபெரி நோயால் கூட்டமாகச் செத்தார்கள். ரப்பர் தோட்டத் தமிழர்களுக்கு அது அரிதாகவே வந்தது. பிராடன் என்ற மருத்துவர் காரணத்தைச் சோற்றில் கண்டார். சீனர்கள் தின்றது தீட்டிய பச்சரிசி. தமிழர்கள் தின்றது புழுங்கலரிசி. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது, பிறகு தீட்டினாலும் போகாது. சென்னை மாகாணத்திலேயே வடசர்க்கார் மாவட்டங்களில் தீட்டிய பச்சரிசி தின்றவர்களிடம் பெரிபெரி இருந்தது. குன்னூரில் மெக்காரிசனும் பின்னர் அய்க்ராய்டும் அதைத்தான் ஆராய்ந்தார்கள். விடியற்காலையில் அண்டாவில் நெல் அவித்து, முற்றத்தில் கொட்டி, காலால் துழாவிக் காயவைத்த பெண்களின் பெயர் எந்த ஆய்வுக் கட்டுரையிலும் இல்லை. உலகத்தின் பழைய வைட்டமின் தயாரிப்புக் கூடங்களில் ஒன்று நம் கொல்லைப்புறம்.

இதில் பெண்கள் கட்டாயம் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. மசக்கையில் வாரக்கணக்காக எதுவும் வயிற்றில் தங்காமல் வாந்தி எடுப்பவளும் நீண்ட பட்டினியில்தான் இருக்கிறாள், யாரும் அதை அப்படி எண்ணுவதில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு ஓடி முதலில் குளுக்கோஸ் ஏற்றச் சொல்வோம். பி1 இல்லாத உடம்பில் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மிச்சமிருக்கும் பி1-உம் அதைச் செரிக்கச் செலவாகி மூளை பாதிக்கப்படலாம். அதனால் பி1 ஊசியை முதலில் அல்லது கூடவே போடவேண்டும். நீண்ட உண்ணாவிரதத்தைக் கேமரா முன் ஒரு பெரிய டம்ளர் பழரசத்தோடு முடித்துவைப்பதும் இதே காரணத்தால் ஆபத்து. திடீரென்று வரும் சர்க்கரையைக் கையாளும்போது ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரிந்து இதயம் நின்றுபோகலாம். கொஞ்சம் கொஞ்சமாக, ரத்தப் பரிசோதனை பார்த்துத்தான் முடிக்கவேண்டும். ரமலான் நோன்புக்கு இந்தப் பயம் இல்லை, தினமும் மாலையில் சாப்பிடுகிறோம். அங்கே குறைவது இரும்பும் தண்ணீரும் தூக்கமும்.

தண்ணீரைப் பற்றிச் சொன்னதும் கம்பெனி ஞாபகம் வருகிறது. பெயர் வேண்டாம். நான் பேசிய பெண்கள் நோன்பில்லாத நாளிலும் பகலில் தண்ணீர் குறைத்துக் குடிப்பவர்கள். பாத்ரூம் போக டோக்கன் வாங்கவேண்டும், லைன் நின்றுவிடும், சூப்பர்வைசர் பார்ப்பார். ரமலானில் அவர்களுக்கு அந்த ஒரு மாதம் டோக்கன் தொல்லை இல்லை என்று ஒருத்தி சிரித்தாள். அது சிரிக்கிற விஷயமா என்று நான் கேட்கவில்லை, அவளுக்குத் தெரியும்.

மாலையில் பள்ளிவாசலில் நோன்புக்கஞ்சி கொடுப்பார்கள். அரிசி, பருப்பு, வெந்தயம், கொஞ்சம் கறி, தேங்காய்ப்பால். அரசும் அதற்கு அரிசி தருகிறது. தூக்குவாளியோடு வரிசையில் நிற்பது பையன்களும் ஆண்களும்; வீட்டுக்கு வந்ததும் பங்கு பிரிப்பது அம்மா. உப்பும் மாவும் புரதமும் நீரும் சேர்ந்த அந்தக் கஞ்சியைப் போல ஒரு நாள் பட்டினிக்குப் பொருத்தமான சத்துணவை எந்த மருந்துக் கம்பெனியும் டப்பாவில் அடைக்கவில்லை என்பது என் கட்சி. வாளி அவளிடம் வரும்போது அடியில் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் பிரச்சினை.

இன்னொன்று. மாதவிலக்கு நாட்களில் பெண் நோன்பு வைக்கக்கூடாது. விட்ட ஆறேழு நாளைப் பிறகு களாவாக வைத்து நிறைவேற்ற வேண்டும். ஆண்களின் ரமலான் பெருநாளோடு முடிந்துவிடும். எங்களுடையது அடுத்த ரமலானுக்குள் எப்போதாவது, திங்கள் ஒன்று, வியாழன் ஒன்று என்று நீண்டுகொண்டே இருக்கும். அந்த நாட்களில் பள்ளிவாசலில் கஞ்சி இல்லை. கம்பெனியில் சீக்கிரம் விடமாட்டார்கள். வீட்டில் மற்றவர்களுக்கு மதியச் சோறு ஆக்கவேண்டும். என் அம்மா ஒவ்வொரு களா நோன்பையும் காலண்டரில் பென்சிலால் புள்ளி வைத்துக் கணக்குப் பார்ப்பாள். ஏழு புள்ளியும் விழுந்த பிறகுதான் மேல்தட்டில் இருந்து மாத்திரை அட்டையைக் கீழே இறக்குவாள்.